ஊரு பேரு ஒண்ணு, பின்கோடு வேற: ஸ்பீட் போஸ்ட் பத்தி என் அனுபவம்

எங்க ஊரு திருப்பத்தூர். இத சொன்ன ஒடனே எல்லாரும் கேக்குற அடுத்த கேள்வி, வேலூர் பக்கமா சிவகங்கை பக்கமான்னு. சிவகங்கை பக்கம். பிள்ளையார்பட்டிக்கு கொஞ்சம் தள்ளி இருக்குற ஊரு, 1801 அக்டோபர் 24ல மருது சகோதரர்கள தூக்குல போட்ட ஊரு. எங்க அக்காவ கட்டிக்குடுத்த ஊரு எதுன்னு கேட்டீங்கன்னா அதுவும் திருப்பத்தூர் தான், ஏலகிரி மலை பக்கம், ஜோலார்பேட்டைய ஒட்டி இருக்குற திருப்பத்தூர். மச்சான் காரைக்குடில படிச்சவரு, அப்பிடி அமைஞ்ச சம்பந்தம். கல்யாண பத்திரிகைல ரெண்டு வீட்டு பேருக்கு கீழயும் திருப்பத்தூர்னே போட்டுருந்துச்சு, வாங்குனவங்க பாதி பேரு உள்ளூர் சம்பந்தம் போலன்னு நெனச்சுட்டாங்க.

இந்த ரிவ்யூ போஸ்ட் ஆபீஸ் ஸ்பீட் போஸ்ட் பத்தி. அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுக்குறேன், ஏன்னு கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா ஒரே பேருல ரெண்டு மூணு ஊரு இருக்குற எடத்துல வாழ்றவங்களுக்கு இது ரொம்ப உபயோகப்படும்.

அக்காவுக்கு வளைகாப்பு வச்சிருந்தாங்க. அம்மா அதுக்குன்னு காரைக்குடி போயி ஒரு கண்டாங்கி சேலை எடுத்துட்டு வந்தாங்க, அரக்கு கலர்ல கட்டம் போட்டு, கெட்டி பருத்தி, கண்டாங்கின்னாலே எங்க பக்கம் தனி பெருமை, 2019ல புவிசார் குறியீடு கூட குடுத்தாங்க. சேலைய விசேஷத்துக்கு போறப்ப கையிலயே எடுத்துட்டு போலாமேன்னு நீங்க கேக்கலாம், ஆனா ஜாக்கெட் தைக்க குடுக்கணும்ல, டெய்லர் பத்து நாளாவது கேப்பாரு, அதனால முன்கூட்டியே அனுப்பியாகணும். சேலையோட சேத்து சீப்பு சீடை ஒரு டின், மனகோலம் ஒரு டின், அக்கா ஆசைப்பட்டு கேட்டுருந்தா. எல்லாத்தையும் அட்டைப்பெட்டில வச்சு கட்டி நான் தான் எடுத்துட்டு போனேன்.

மொதல்ல போனது ஒரு தனியார் கொரியர். பேரு வேணாம். கவுண்டர்ல இருந்த பையன் டூ அட்ரஸ்ல திருப்பத்தூர்னு பாத்துட்டு "லோக்கல் தானண்ணே"ன்னு கேட்டான், இல்ல தம்பி அது வேலூர் பக்கம்னு தெளிவா சொன்னேன், சரிங்கண்ணேன்னு தலைய ஆட்டிட்டு கம்ப்யூட்டர்ல திருப்பத்தூர்னு ஊரு பேர அடிச்சான், லிஸ்ட்ல மொதல்ல வந்தத அமுக்குனான், பில்ல குடுத்தான். பில்லுல இருந்த பின்கோட நான் பாக்கல. பாத்துருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும்.

திங்கக்கிழமை போட்டேன். செவ்வாய்க்கிழமை டிராக்கிங்ல ஹப்புக்கு போயிருச்சுன்னு வந்துச்சு, புதன்கிழமை திருப்பத்தூர் வந்துருச்சுன்னு வந்துச்சு, எங்களுக்கு ஒரே சந்தோஷம். வியாழக்கிழமை காலைல அக்காவுக்கு போன் வருது, டெலிவரி பையன். "அக்கா இந்த தெரு எங்கக்கா இருக்கு, ஊரு பூரா சுத்திட்டேன், யாருக்கும் தெரியலன்னு சொல்றாங்க." இவ சொல்லிருக்கா, ஜோலார்பேட்டை ரோட்டுல வாங்க, வந்து கூப்புடுங்கன்னு. அவன் "ஜோலார்பேட்டையா, அது எந்த பக்கம்க்கா"ன்னு கேட்டுருக்கான். இவளுக்கு சந்தேகம் வந்து தம்பி நீங்க எந்த ஊர்ல நின்னு பேசுறீங்கன்னு கேட்டா, "திருப்பத்தூர் தான்க்கா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நிக்கிறேன்"ன்னான். எங்க வீட்டுலருந்து அந்த பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷ நடை. பார்சல் மூணு நாளு ஊர் சுத்திட்டு எங்க ஊருக்கே திரும்பி வந்துருச்சு.

அந்த பையன குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, வெயில்ல அலைஞ்சிருக்கான் பாவம். பேர அடிச்சா எது மொதல்ல வருதோ அத எடுத்துக்குற அந்த முறை தான் தப்பு.

அம்மா மொகத்த பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. நாள் வேற ஓடிருச்சு. பெட்டிய திருப்பி வாங்கிட்டு வெள்ளிக்கிழமை காலைல நேரா போஸ்ட் ஆபீஸ் போனேன்.

கவுண்டர்ல ஒரு மேடம் இருந்தாங்க. பெட்டிய தராசுல வச்சுட்டு அட்ரஸ கூட முழுசா படிக்கல, மொத கேள்வியே "பின்கோடு சொல்லுங்க". 635601ன்னேன். ஆறு நம்பரையும் அடிச்ச ஒடனே ஸ்க்ரீன்ல அந்த ஆபீஸ் பேரு வந்துச்சு, மானிட்டர லேசா திருப்பி "இந்த திருப்பத்தூர் தானே, வேலூர்லருந்து பிரிஞ்சது, நம்மது 630211, சரி பாத்துக்கோங்க"ன்னு அவங்களே கேட்டு உறுதி பண்ணாங்க. பெட்டி மேல நான் பின்கோட சின்னதா கடைசி வரில எழுதிருந்தேன், மார்க்கர் பேனாவ குடுத்து தனி வரில பெருசா எழுதுங்கன்னாங்க, அனுப்புறவங்க பின்கோடும் எழுத சொன்னாங்க. எழுதிட்டு குடுத்தேன். 13 எழுத்து எண்ணு இருக்குற பார்கோடு ஸ்டிக்கர ஒட்டி ரசீது குடுத்தாங்க. எல்லாம் அஞ்சு நிமிஷம்.

திங்கக்கிழமை மத்தியானம் அக்கா போட்டோ அனுப்புனா, சேலைய தோள்ல போட்டுக்கிட்டு, கையில சீடை டின்னு. சீடை ஒண்ணு கூட நொறுங்கல. டெய்லர் கொஞ்சம் மொணங்கிட்டு அவசரமா தச்சு குடுத்துட்டாராம்.

அதுக்கப்புறம் தான் இந்த ஆறு நம்பர் என்னன்னு உக்காந்து படிச்சு பாத்தேன், இத்தன வருஷமா ஃபார்ம் ஃபில் பண்ணிருக்கோம், ஒரு நாளாவது யோசிச்சமா? 1972 ஆகஸ்ட் 15ல கொண்டு வந்துருக்காங்க. மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்துல அதிகாரியா இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர்னு ஒருத்தரு தான் இதுக்கு காரணம், அவரு சம்ஸ்கிருத கவிஞரும் கூட. ஒரே பேருல ஏகப்பட்ட ஊரு, ஒரே ஊர ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டல்ல எழுதுறது, வேற வேற மொழில எழுதுறது, இதெல்லாம் சேந்து தபால் பிரிக்கிறவங்கள படுத்துன பாடு தான் இந்த நம்பர் வர காரணமே. அதாவது எங்க ஊரு மாதிரி ஊருகளுக்காகவே கண்டுபுடிச்சதுன்னு சொன்னா தப்பில்ல.

மொத நம்பரு பெரிய மண்டலம், 6ன்னா தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு. ராணுவத்துக்கு தனியா 9. ரெண்டாவது நம்பரு சேந்தா அந்த மண்டலத்துக்குள்ள எந்த பகுதி, மூணாவது சேந்தா எந்த தபால் பிரிக்கிற மாவட்டம், கடைசி மூணு நம்பரு பட்டுவாடா பண்ற ஆபீஸ். இப்ப எங்க கதைய பாருங்க, எங்க ஊரு 630211, அக்கா ஊரு 635601. மொத ரெண்டு நம்பரு ரெண்டுக்கும் 63 தான், மூணாவது நம்பர்ல தான் ரெண்டு ஊரும் பிரியுது, இது பூஜ்யம் அது அஞ்சு. அந்த ஒத்த நம்பர்ல தான் நேர்கோட்டுல 260 கிலோமீட்டர் அடங்கி இருக்கு, ரோட்டுல போனா 300க்கு மேல. மேப்ப பாத்தா இன்னொரு அதிசயம், ரெண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகைல இருக்கு, எங்க ஊர்லருந்து நேரா வடக்க கோடு போட்டா அக்கா ஊரு பக்கமா தான் போகும்.

மூணாவதா ஒரு ஊரும் இருக்கு, திருச்சி பக்கம் சிறுகனூர்லருந்து உள்ள போற திருப்பட்டூர், பிரம்மா கோயில் இருக்குற ஊரு, 621105. தமிழ்ல எழுதுனா ட்டூ, த்தூன்னு வித்தியாசம் தெரியும், இங்கிலீஷ்ல எழுதுனா மூணும் ஒண்ணு தான். தலையெழுத்த மாத்தி எழுதுற பிரம்மான்னு கேள்விப்பட்டு வெளியூர்லருந்து வர்றவங்க இங்கிலீஷ் பேர மட்டும் வச்சு மேப்ப போட்டுட்டு எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல எறங்கி பிரம்மா கோயில் எங்கன்னு கேட்டு நான் ரெண்டு தடவ பாத்துருக்கேன். வயசானவங்களா இருப்பாங்க, திருச்சிக்கு திருப்பி பஸ் ஏத்தி விடுறப்ப மனசுக்கு சங்கடமா இருக்கும். 2020ல தமிழ்நாடு அரசு 1018 ஊரு பேர தமிழ்ல சொல்ற மாதிரியே இங்கிலீஷ்ல எழுதணும்னு ஆணை போட்டுச்சு, கொஞ்ச நாள்லயே அத வாபஸ் வாங்கிட்டாங்க. இந்த ட்டூ த்தூ பிரச்சனைய நெனச்சா ஒழுங்கா ஒக்காந்து யோசிச்சு செஞ்சிருக்கலாமேன்னு எனக்கு இன்னைக்கும் ஆதங்கம் தான்.

உண்மையில எங்க ஊருக்கு பழைய பேரு திருப்பத்தூரே இல்ல, தேவாரத்துல திருப்புத்தூர். சம்பந்தரும் அப்பரும் பாடுன திருத்தளிநாதர் கோயில் இது. புத்தூர் காலப்போக்குல பத்தூராயிருச்சு. அக்கா ஊருக்கு பத்து ஊரு சேந்ததால திருப்பத்தூர்னு அந்த பக்கம் சொல்லுவாங்க. ஆக ரெண்டு வேற வேற பேரு, ஒண்ணா வந்து சேந்துருக்கு. புத்தூரும் அந்த காலத்துலயே ஒண்ணு ரெண்டு இல்ல, கும்பகோணம் பக்கமும் இருந்துச்சு. அதுக்கு தேவார காலத்துல என்ன செஞ்சிருக்காங்க தெரியுமா, அரிசிலாத்தங்கரைல இருந்தா அரிசிற்கரைப்புத்தூர், கடுவாய் ஆத்தங்கரைல இருந்தா கடுவாய்க்கரைப்புத்தூர். ஆத்தோட பேர முன்னாடி சேத்துட்டாங்க, கொழப்பம் தீந்துச்சு. என்ன ஒரு தெளிவு! எங்க தாத்தா காலத்துல ராம்நாடு திருப்பத்தூர், வட ஆற்காடு திருப்பத்தூர்னு எழுதுவாங்களாம், அதுவும் அதே வேலை தான். இப்ப அந்த ரெண்டு மாவட்டமும் பிரிஞ்சு பிரிஞ்சு வேற பேராயிருச்சு.

அதுலயும் 2019 நவம்பர்ல வேலூர மூணா பிரிச்சு திருப்பத்தூர்னே ஒரு மாவட்டம் வந்துச்சா, அதுலருந்து தான் எங்க பாடு அதிகமாச்சு. முன்னாடி மாவட்டம்னு கேட்டா சிவகங்கை, வேலூர், வேலை முடிஞ்சுது. இப்ப ஆன்லைன்ல எந்த ஃபார்ம்ல ஊரு பேர அடிச்சாலும் மாவட்டமும் திருப்பத்தூர்னு தானா வந்து விழுது, கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்னு சொன்னா "சார் திருப்பத்தூரே மாவட்டம் தானே"ன்னு நமக்கு பாடம் எடுக்குறாங்க. அக்கா ஊருக்கு மாவட்டம் வந்தது ரொம்ப நல்ல விஷயம், அவங்க வேலூருக்கு அலைஞ்ச அலைச்சல் கொறைஞ்சிருக்கு, அதுல எனக்கு சந்தோஷம் தான். சட்டமன்ற தொகுதியும் அப்பிடியே, அங்க 50ம் நம்பர் திருப்பத்தூர், இங்க 185ம் நம்பர் திருப்பத்தூர். தேர்தல் ரிசல்ட் அன்னைக்கு டிவில திருப்பத்தூர்னு ஓடுனா நம்பர பாத்துட்டு தான் வெடி வாங்க ஓடணும்.

ரயில் விஷயத்தயும் சொல்லிடறேன், அக்கா வீட்டுக்கு போறவங்க நெறைய பேரு கேக்குறது. எங்க ஊருக்கு ரயில் கெடையாது, ஸ்டேஷன் இருக்குறது அக்கா ஊர்ல மட்டும் தான், அதோட கோடு டி பி டி. திருப்பதியோட கோடு டி பி டி ஒய். ஒரு எழுத்து தான் வித்தியாசம், டிக்கெட் போடுறப்ப முழு பேரையும் படிச்சுட்டு பணம் கட்டுங்க.

எங்க ஊருக்கு மட்டும் தான் இந்த கதைன்னு நெனைக்காதீங்க. ஆலங்குடி ரெண்டு இருக்கு, குரு கோயில் இருக்குற ஆலங்குடி கும்பகோணம் பக்கம் 612801, புதுக்கோட்டை ஆலங்குடி 622301, குருபெயர்ச்சிக்கு பிரசாதத்துக்கு மணியார்டர் அனுப்புறவங்க இத பாத்து எழுதுங்க. ஆலங்குளம் தென்காசி பக்கமும் இருக்கு, விருதுநகர் பக்கம் சிமெண்ட் ஆலை இருக்குற ஊரும் ஆலங்குளம். திருமங்கலம்னா மெட்ராஸ்காரங்க அண்ணா நகர் பக்கம்னு நெனப்பாங்க, மதுரைக்காரங்களுக்கு அது வேற ஊரு. புதூர், பாளையம், பட்டின்னு ஆரம்பிச்சா எண்ணி மாளாது.

அதனால நான் சொல்றது, கொரியரோ போஸ்ட்டோ எதுல வேணா அனுப்புங்க, அது உங்க இஷ்டம், ஆனா ஊரு பேர வச்சு தேட விடாதீங்க, பின்கோட நீங்களே வாயால சொல்லுங்க, பில்ல வாங்குன ஒடனே அந்த ஆறு நம்பர மட்டும் சரி பாருங்க. ஸ்பீட் போஸ்ட்ல எனக்கு புடிச்சதே இது தான், அங்க வேலையே பின்கோட்டுல தான் ஆரம்பிக்குது. காசு கூட எடையும் தூரமும் வச்சு தான், எங்க ரெண்டு ஊருக்கும் நடுவுல 201லருந்து 500 கிலோமீட்டர் வரைக்கும்ங்குற கணக்குல வரும், கவுண்டர்ல உள்ளூர் ரேட்டு சொன்னாங்கன்னா அங்கயே புரிஞ்சுக்கலாம் நம்பர் தப்பா போயிருச்சுன்னு. 1986லருந்து ஓடுற சர்வீஸ் இது, நான் இந்த பக்கம் திரும்பி பாக்கவே இத்தன நாளாச்சு.

அப்ப ஏன் அந்த அரை ஸ்டார் கொறைச்சன்னா, பின்கோடு ஆபீஸ் வரைக்கும் தான் கொண்டு போகும். ஒரு பின்கோட்டுக்குள்ள பல கிராமம் இருக்கும், ஒரே பேருல ரெண்டு மூணு தெரு இருக்கும், பிள்ளையார் கோயில் தெரு இல்லாத ஊரு ஏதாவது இருக்கா? அங்கயிருந்து போஸ்ட்மேன் அண்ணனோட ஞாபகம் தான். எங்க தெருவுக்கு வர்றவருக்கு வீட்டு நம்பர் இல்லாட்டியும் எந்த வீட்டு பிள்ள எந்த ஊர்ல இருக்குன்னு வரைக்கும் தெரியும், புதுசா வர்றவருக்கு எப்பிடி தெரியும்? அதுக்கு தான் 2025ல டிஜிபின் (DIGIPIN) அப்பிடின்னு ஒண்ணு கொண்டு வந்துருக்காங்க, ஐதராபாத் ஐஐடியும் இஸ்ரோவோட தொலையுணர்வு மையமும் சேந்து தபால் துறைக்கு செஞ்சது, நாடு முழுக்க நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்துல ஒரு கோடு. நான் எங்க வீட்டு வாசலுக்கு எடுத்து வச்சிருக்கேன், அக்காவையும் எடுக்க சொல்லிருக்கேன். இது பின்கோட்டுக்கு பதிலு இல்ல, கூட சேந்தது, எல்லாரும் பழகுனதுக்கப்புறம் அந்த அரை ஸ்டாரையும் சேத்து குடுத்துடறேன்.

சாமான் அனுப்புறவங்களுக்கு ஒண்ணு, பலகாரத்த டின்னுல போட்டு மூடிய சுத்தி டேப் ஒட்டிட்டு சேலை துணிமணிய சுத்தி அடைச்சு வைங்க, டின்னு ஆடக்கூடாது. அட்டைப்பெட்டிக்கு உள்ளயும் ஒரு துண்டு பேப்பர்ல ரெண்டு அட்ரஸும் பின்கோடோட எழுதி போடுங்க, மேல உள்ள பேப்பர் கிழிஞ்சாலும் உள்ள இருக்கும். இது எங்க அம்மா யோசனை. அம்மாவுக்கு இப்ப அக்கா போன் நம்பர் மறந்தாலும் மறக்கும், ஆறு மூணு அஞ்சு ஆறு பூஜ்யம் ஒண்ணு மறக்காது.

தலைப்பிரசவம் வழக்கம் போல எங்க வீட்டுல தான் நடந்துச்சு. பொண்ணு, நல்லா இருக்கா. அஞ்சாவது மாசம் அவங்க வீட்டுக்கு கூட்டிட்டு போயிட்டாங்க, போன வாரம் தான் மருமகளோட பர்த் சர்டிபிகேட் கைக்கு வந்துச்சு, அதையும் ஸ்பீட் போஸ்ட்ல தான் போட்டேன். பிறந்த இடம் திருப்பத்தூர், பெற்றோரின் நிரந்தர முகவரி திருப்பத்தூர். அதே மேடம் தான் கவுண்டர்ல இருந்தாங்க, கவர கையில வாங்குறதுக்கு முன்னாடியே "635601 தானே"ன்னாங்க.